செடியின் தரத்தைத் தேடிய மருத்துவர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பழக்கடைகளோடு நாற்றுக் கடைகளும் சாலையோரத்தில் முளைத்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கடையில் வாங்கிய ரம்புட்டான் கன்றைப் பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கொல்லையில் நட்டேன். உயர்தரமான ஒட்டுக்கன்று என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை. அதே கடையில் அதே நாளில் நண்பர் ஒருவர் வாங்கிய கன்று குற்றாலத்தை அடுத்த அவரது தோட்டத்தில் காய்த்துக் குலுங்குகிறது. என்னுடையது இன்றுவரை நிழல் மட்டுமே தருகிறது. இரண்டு தோட்டங்களுக்கும் இடையே 60 கிலோமீட்டர்கூட இல்லை. ஒரே கன்று, ஒரே விலை, ஒரே பாராட்டு. ஆயினும் அதன் தரம் என்ன என்று கேட்டால் எங்கள் இருவரின் விடையும் ஒன்றாக இராது.

ஒரு செடி நல்ல செடியா என்பதை யார், எங்கே, எப்படி முடிவு செய்வது? கேட்பதற்கு எளிய இக்கேள்வியோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர், ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன் இதே பாளையங்கோட்டையில் படை மருத்துவராகப் பணியாற்றினார். தாவரவியல் படித்தோர் ராபர்ட் வைட் என்னும் அவருடைய பெயரை அறிவர். தென்னிந்தியத் தாவரங்கள் பலவற்றின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் தமிழகத்தின் வேளாண் பொருளாதார வரலாற்றில் அவருக்கு உள்ள இடத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

வைட் 1796ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தார். 18ஆம் நூற்றாண்டில் உழவுச் சீர்திருத்தத்துக்குப் பெயர் பெற்ற நிலப்பகுதி அது. எடின்பரோவில் மருத்துவம் கற்றார். அந்நாளில் மருத்துவக் கல்வியில் தாவரவியலுக்கும் இடமுண்டு. மருந்து என்பதே பெரும்பாலும் இலையும் வேரும் பட்டையுமாக இருந்த காலம். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னை வந்து சேர்ந்தார். படைப்பிரிவுகளோடு ஊர் ஊராக அலைய நேர்ந்த வேலையைச் செடி சேகரிக்கும் வாய்ப்பாக அவர் மாற்றிக்கொண்டார். 1826இல் சென்னை அரசின் இயற்கையியலாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. தென்மாவட்டங்களில் நீண்ட களப்பயணம் மேற்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் அப்பதவி சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் ஒழிக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் ஸ்டீபன் லூசிங்டன். கட்டபொம்மன் வரலாற்றை அறிந்த நெல்லை வாசகர்களுக்கு இப்பெயர் புதிதாக இராது. முன்னாள் திருநெல்வேலி ஆட்சியரான அதே லூசிங்டன்தான். வரி வசூலின் கணக்கை நன்கறிந்த அதிகாரிக்கு, செடி பொறுக்கித் திரியும் மருத்துவர் வீண் செலவாகத் தோன்றியதில் வியப்பில்லை.

வைட் நாகப்பட்டினத்தில் மருத்துவப் பணிக்குத் திரும்பினார். பின்னர் விடுப்பில் தாயகம் சென்றபோது தாம் சேர்த்த செடிகளையும் உடன் கொண்டுபோனார். தாவரவியலாளர் வாக்கர் ஆர்னட்டுடன் சேர்ந்து, தீபகற்ப இந்தியாவின் தாவரங்களைக் குடும்பவாரியாக வகைப்படுத்திய நூலின் முதல் தொகுதியை 1834இல் வெளியிட்டார். அதே ஆண்டில் இந்தியா திரும்பி, பெல்லாரியிலிருந்து தம் படைப்பிரிவுடன் நெடுந்தொலைவு கடந்து பாளையங்கோட்டை வந்தார்.

ஒரு தாவரவியலாளருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வாய்ப்பது அரிது. மேற்கே பொதிகை மலையின் மழைக்காடு. அங்கிருந்து இறங்கும் தாமிரபரணியின் இருகரையிலும் நெல் வயலும் வாழைத் தோட்டமும். வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் கரிசல். தெற்கிலும் கிழக்கிலும் செவல் மண்ணும் அதற்கப்பால் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலும். இரண்டு நாள் நடையில் நான்கு வகை நிலங்களைப் பார்த்துவிடலாம். வைட் குற்றாலத்துக்குச் சென்று அங்குள்ள தாவரங்களை ஆராய்ந்து எழுதினார். தாமிரபரணியில் கலக்கும் சிற்றாறு பிறக்கும் அம்மலையடிவாரத்தில், அதற்கு ஒரு தலைமுறை முன்பே கம்பெனி ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தது. கீழைத் தீவுகளின் ஜாதிக்காயையும் கிராம்பையும், அவற்றோடு இலவங்கப்பட்டையையும் அங்கே வளர்த்துப் பார்த்தது. டச்சுக்காரர்களின் வாசனைப் பொருள் வணிகத்தை உடைக்கும் ஆசையே அதன் பின்னணி. மரங்கள் பிழைத்தன, காய்த்தன. ஆனால் உலகச் சந்தையை அசைக்கும் அளவுக்கு அவை ஒருபோதும் வளரவில்லை. சாரல் விழும் அந்தச் சிறு நிலப்பரப்புக்கு வெளியே அம்மரங்களுக்கு இடமில்லை. தோட்டக்கலை நோக்கில் வென்று, பொருளாதார நோக்கில் தோற்ற சோதனை அது.

1836இல் வைட்டின் வாழ்வு திசை மாறியது. ஆளுநர் பிரடெரிக் ஆடம் அவரை மருத்துவத் துறையிலிருந்து வருவாய்த் துறைக்கு மாற்றினார். பருத்தி, புகையிலை, நிலாவரை உள்ளிட்ட விளைபொருள்களை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்பது பணி. இப்பட்டியலில் நிலாவரை இடம்பெற்றதற்குக் காரணம் திருநெல்வேலிதான்.

மலச்சிக்கலுக்கு மருந்தாகும் நிலாவரையை நம் பக்கத்தில் அவுரி என்றே சொல்வாரும் உண்டு. அரேபியாவையும் எகிப்தையும் சார்ந்திருந்த இச்செடியை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் பயிரிட்டுப் புகழ்பெறச் செய்தவர் ஹியூஸ் என்னும் வணிகர். அலெக்சாந்திரியாவிலிருந்து சென்ற இலை உடைந்தும் வேறு செடிகளின் இலை கலந்தும் இருந்தது. திருநெல்வேலி இலையோ கையால் பறித்து, உலர்த்தி, உடையாமல் அடுக்கிச் சிப்பமாக அழுத்தப்பட்டது. மருந்துக் கடைக்காரர் பார்த்தவுடன் வேறுபாடு தெரிந்தது. இன்றும் உலக மருந்துச் சந்தையில் அச்சரக்குக்குத் திருநெல்வேலியின் பெயர்தான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சரக்கின் உயர்வில் செடிக்கு இருந்த பங்கைவிட, பறித்த கைக்கும் கட்டிய கைக்கும் இருந்த பங்கு குறைவானதன்று. அதே ஹியூஸ் தேரியை ஒட்டிய மண்ணில் போர்பன் என்னும் பலபருவப் பருத்தியையும் வளர்த்தார். லண்டன் சந்தையில் அதற்கு மற்ற இந்தியப் பருத்திகளைவிட நல்ல விலை கிடைத்தது. ஆனால் அவருக்குப் பின் அது பெரும் பயிராகப் பரவவில்லை. கரிசல் உழவர் தம் நாட்டுப் பருத்தியையே தொடர்ந்து விதைத்தனர்.

ஏன் விதைத்தனர் என்பதே அடுத்த கால் நூற்றாண்டுக் காலம் அதிகாரிகளை வாட்டிய கேள்வி. லங்காஷயரின் ஆலைகள் பெரும்பாலும் அமெரிக்கப் பருத்தியை நம்பியிருந்தன. அடிமைகளின் உழைப்பில் விளைந்த அந்தப் பருத்தி ஏதேனும் ஒரு நாள் நின்றுபோனால் என்னாவது என்ற அச்சம் மான்செஸ்டருக்கு எப்போதும் உண்டு. இந்தியாவில் பருத்தி இருந்தது. ஆனால் இழை குட்டை, குப்பை மிகுதி என்பது தரகர்களின் தீர்ப்பு. எனவே அமெரிக்கச் செடியையே இங்கு விளைவித்தால் என்ன? 1840இல் அமெரிக்காவிலிருந்து பத்துத் தோட்டக்காரர்கள் வரவழைக்கப்பட்டு வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். சென்னை மாகாணச் சோதனைகளின் தலைமையிடமாகக் கோயம்புத்தூர் ஆனது. 1842இல் அதன் பொறுப்பு வைட்டிடம் வந்தது. 1853இல் ஓய்வு பெறும்வரை பதினோரு ஆண்டுகள் அவர் அங்கிருந்தார்.

தோட்டக்காரர்கள் மிசிசிப்பிப் பழக்கத்தோடு வந்தவர்கள். அங்கே வசந்தத்தில் விதைத்து, கோடை மழையில் வளர்த்து, இலையுதிர் காலத்தில் பஞ்செடுப்பர். இங்கோ ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் தை மாதப் பனியும் பங்குனி வெயிலும் வேறு கணக்கில் இயங்குகின்றன. ஒரே விதை, ஒரே நிலத்தில், ஆறு வாரம் முன்னோ பின்னோ விதைக்கப்பட்டால் இருவேறு செடிகளாக நடந்துகொள்ளும். எனவே பருவத்தைப் பொருத்துவதே முதல் வேலை என்று வைட் கருதினார். மண்ணையும் மழையையும் விதைப்புக் காலத்தையும் சேர்த்தே பார்த்தார். நாட்டுப் பருத்தியையும் அமெரிக்கப் பருத்தியையும் ஒப்பிட்டார். கரிசலில் நாட்டுச் செடி அசையாது. அமெரிக்கச் செடிக்குச் செம்மண்தான் ஏற்றது என்ற புரிதல் மெல்ல உருவானது. உரிய மண்ணும் பருவமும் கிடைத்தால் அமெரிக்கப் பருத்தி இங்கு வளரும், உழவருக்கும் ஆதாயம் தரும் என்பதே இறுதிவரை அவருடைய முடிவு.

இன்று ஒரு புதிய ரகம் வெளிவரும் முன் பல இடங்களில், பல பருவங்களில் வளர்த்துப் பார்க்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ரகங்கள் உழவர்களின் சொந்த வயலிலும் சோதிக்கப்பட்ட பிறகே பரிந்துரைக்கப்படுகின்றன. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் அழகுச் செடிகளுக்கு 1922 முதல் வழங்கும் தரச் சான்றுக்கும் இப்படித்தான்: செடிகளை அருகருகே நட்டு, நடுவர்கள் பருவம் முழுதும் மீண்டும் மீண்டும் வந்து பார்க்கிறார்கள். பாத்திகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவது, ஒரே சோதனையைப் பல பாத்திகளில் திரும்பச் செய்வது போன்ற புள்ளியியல் ஒழுங்கு, ரொனால்ட் ஃபிஷர் 1919இல் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் சேர்ந்த பிறகே உருவானது. வைட்டுக்கு அக்கருவி இல்லை. ஒரு பாத்தி நன்றாக விளைந்தால் அது விதையின் சிறப்பா, அந்தப் பாத்தியில் முன்பு ஆட்டுக்கிடை போட்டதன் விளைவா என்று பிரித்துச் சொல்ல அவரால் இயலாது. அவரிடம் இருந்தது பல ஆண்டுப் பொறுமை மட்டுமே. அதுவும் சிறிய கருவியன்று.

ஆனால் விளைச்சலை அளப்பது பாதி வேலை. பஞ்சின் தரத்தை அளந்தவர்கள் இங்கிலாந்தில் இருந்தனர். மாதிரிகள் கப்பலேறின. ஒரு பிடிப் பஞ்சை இரு கைகளின் விரல்களுக்கிடையே பிடித்து இழுத்து, இழையின் நீளம், வலிமை, மென்மை, நிறம், தூய்மை ஆகியவற்றைக் கண்ணாலும் விரலாலும் மதிப்பிடுவது தரகர்களின் முறை. அவர்களுடைய விரல்கள் தேர்ந்தவைதாம். எனினும் அவர்கள் மதிப்பிட்டது தம் நாட்டு எந்திரத்துக்கு ஏற்ற தரத்தை. கரிசல் உழவரின் மதிப்பீட்டுத் தாளில் வேறு தலைப்புகள் இருந்தன. மழை பொய்த்தாலும் செடி நிற்குமா? கம்பு, சோளத்துக்கு இடையூறின்றிப் பயிர் சுழற்சியில் பொருந்துமா? மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கிடைக்குமா? உள்ளூர்க் கைத்தறிக்காரர் வாங்குவாரா? கையால் சுற்றும் உருளைக் கருவியில் கொட்டை எளிதில் பிரியுமா? இத்தாளில் நாட்டுப் பருத்திக்கு மதிப்பெண் மிகுதி.

கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். அமெரிக்கப் பருத்திக்குக் கொட்டையில் பஞ்சு இறுகப் பற்றியிருக்கும். அதைப் பிரிக்க ரம்பப் பற்கள் கொண்ட அரவை இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்தில் குட்டை இழை நாட்டுப் பருத்தியைப் போட்டால் இழை அறுபடும். ஆகவே விதையை மாற்றுவது என்பது விதையை மட்டும் மாற்றுவதன்று. அரவையை, வாங்குபவரை, கடன் தருபவரை, சந்தையையே மாற்றுவதாகும். அமெரிக்கத் தோட்டக்காரருள் ஒருவரான ஃபின்னி, பின்னர் திருநெல்வேலிப் பகுதியில் பணியாற்றியபோது, பயிரிடும் முறையைவிடப் பஞ்சைச் சுத்தம் செய்யும் முறையிலேயே அதிகக் கவனம் செலுத்தினார். அவருடைய நோக்கில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

ஏனெனில் இந்தியப் பருத்தியின் குறைகளில் பெரிதாகப் பேசப்பட்ட குப்பை, செடியின் குறையன்று. உழவர் முன்பணம் வாங்கியிருப்பார். விளைந்ததை அந்த வணிகருக்கே, அவர் வைத்த விலைக்கே தர வேண்டும். சுத்தமான பஞ்சுக்கும் தூசி கலந்த பஞ்சுக்கும் ஏறத்தாழ ஒரே விலை என்றால், காலைப் பனி காயுமுன் சருகு ஒட்டாமல் பஞ்செடுக்க யார் கூலி கொடுப்பார்? வாங்குபவர் கலப்படத்தை எதிர்பார்த்து விலையைக் குறைக்கிறார். குறைந்த விலையைக் கண்டவர் கலக்கிறார். பயன்படுத்திய கார்களின் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஜார்ஜ் ஆக்கர்லோஃப் 1970இல் எழுதி, 2001இல் நோபல் பரிசு பெறக் காரணமான கட்டுரையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் இந்தப் பருத்திப் பொதியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். காரைவிட அது எங்கள் ஊர் மாணவர்களுக்கு எளிதில் புரியும். நிலாவரையில் உடையாத இலைக்குக் கூடுதல் விலை கிடைத்தது; இலை உடையாமல் வந்தது. உழைப்பவர்களும் அதே சீமையினர்தாம்.

வைட்டின் காலத்தில் அமெரிக்கச் செடி நாட்டுச் செடியை வெல்லவில்லை. அரசின் ஆதரவு இருந்த அளவுக்கு அது நின்றது. அவர் ஓய்வு பெற்றதோடு அம்முயற்சியும் ஓய்ந்தது. அவர் முடிவுகள் தவறா? முழுவதும் தவறென்று சொல்ல முடியாது. அதே அமெரிக்கச் சிற்றினத்தைச் சேர்ந்த கம்போடியாப் பருத்தி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்து, கோவைப் பகுதியின் கிணற்றுப் பாசனச் செம்மண்ணில் செழித்தது. அப்போது பஞ்சை வாங்க ஆலைகளும் அரவை நிலையங்களும் அருகிலேயே எழுந்திருந்தன. மண்ணைப் பற்றி வைட் கண்டது சரி; சந்தைதான் அரை நூற்றாண்டு தாமதமாக வந்தது.

ஆனால் இன்னொரு குறையை அக்காலச் சோதனைகள் அனைத்திலும் காண்கிறேன். அயல் செடியைத் தேர்ந்தெடுத்த விதையாகக் கொண்டுவந்து போட்டிக்கு நிறுத்தினார்கள். நாட்டுச் செடியை, வயலில் கலந்து கிடந்தபடியே எதிரில் நிறுத்தினார்கள். அதற்குள்ளேயே நல்ல செடியைப் பொறுக்கி, அதன் விதையைத் தனியே பெருக்கிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் எழவில்லை. அந்த வேலைக்கு, 1901இல் கோவில்பட்டியில் தொடங்கப்பட்ட ஆய்வு நிலையம் வரை கரிசல் காத்திருக்க நேர்ந்தது. கருங்கண்ணி என்று உழவர் பெயரிட்டு வைத்திருந்த நாட்டுப் பருத்தியிலிருந்தே சிறந்த ரகங்கள் அங்கே பிரித்தெடுக்கப்பட்டன.

பருத்தி வேலையினூடே வைட் தம் முதற்காதலையும் விடவில்லை. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய தாவரப் படநூலில் 2101 படங்கள் உள்ளன. அவற்றின் அழகுக்குக் காரணமானவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர்கள். கல்லச்சு முறையைத் தாமே கற்றுக்கொண்டு சென்னையிலேயே அச்சிட்ட வைட், ஓவியர்களின் பெயரையும் படங்களில் இடம்பெறச் செய்தார். அந்நாளில் அது எல்லாரும் செய்ததன்று. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பிற்கால வகைப்பாட்டில் அப்பேரினம் வேறொன்றுக்குள் கரைந்துவிட்டது. அவருக்காக மலையேறிச் செடி பறித்துவந்த உதவியாளர்களுள் மிகப் பலரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தில் ரெடிங் நகரை அடுத்த கிரேஸ்லியில் ஒரு சிறு பண்ணையோடு வாழ்ந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகள் பஞ்சின்றி நின்றபோது, அமெரிக்க முறையையும் இந்திய முறையையும் ஒப்பிட்டு 1862இல் பருத்திச் சாகுபடி பற்றி ஒரு குறுநூல் எழுதினார். அவ்வாண்டுகளில் இந்தியப் பருத்தியின் விலை ஏறிய வேகத்தில், குட்டை இழை என்றும் குப்பை என்றும் தள்ளப்பட்ட பஞ்சு தூத்துக்குடியிலிருந்து தட்டுத் தடையின்றிக் கப்பலேறியது. வைட் 1872 மே 26 அன்று கிரேஸ்லியில் காலமானார்.

அவர் தங்கியிருந்த பாளையங்கோட்டையில் அவருக்கு நினைவுச் சின்னம் எதையும் நான் கண்டதில்லை. குற்றாலத்தில் ஜாதிக்காய் இன்றும் காய்க்கிறது. என் ரம்புட்டானை வெட்டிவிட்டு மாங்கன்று வைக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். இன்னும் ஒரு பருவம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.